நியாயம் கேட்கும் கலைக் காட்சிகள்: கொச்சிக்குக் கிளம்புமுன் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையிலிருந்து கொச்சி பினாலேக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போவது என் வழக்கம். கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்காமார் என்று பலரும் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பேச்சு கொச்சியைப் பற்றித்தான் என்றாலும் யாழ்ப்பாணமும் சென்னையும் இடையிடையே வரும்.

பினாலேன்னா என்னங்க? பொருட்காட்சி மாதிரியா?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் காட்சிக்கு உலகமெங்கும் வழங்கும் பெயர் இது. வெனிஸ் நகரம் 1895-இல் தொடங்கி வைத்தது. நம் பக்கத்தில் கொச்சி-முசிறிஸ் பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கலைஞர்கள் முன்னின்று நடத்தினார்கள். பெயரில் உள்ள முசிறிஸ், யவனர் மிளகு வாங்க வந்ததாகச் சங்கப் பாட்டுகள் சொல்லும் அதே முசிறித் துறைமுகம்.

இங்கே எந்தப் படைப்பிலும் விலைச்சீட்டு தொங்காது. விற்பனைக்கான காட்சி வேறு, இது வேறு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கலைஞரைக் க்யூரேட்டராக அமர்த்துவார்கள். யாரை அழைப்பது, எந்தப் படைப்புக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. 2018-இல் அனிதா டூபே அந்தப் பொறுப்பில் இருந்தார். அழைக்கப்பட்ட கலைஞர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்தது அந்த முறைதான்.

எப்போ, எங்க, எவ்வளவு செலவாகும்?

வழக்கமாக டிசம்பர் நடுவில் தொடங்கி மார்ச் இறுதி வரை நடக்கும். 2014, 2016, 2018 பதிப்புகள் ஒவ்வொன்றும் 108 நாள் நடந்தன. எர்ணாகுளத்தில் ரயிலைவிட்டு இறங்கி, படகுத்துறைக்குப் போய் ஃபோர்ட் கொச்சி படகைப் பிடித்தால் போதும். பஸ்ஸைவிடப் படகுதான் நல்லது. நுழைவுச் சீட்டு ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடும். முந்தைய பதிப்புகளில் திங்கட்கிழமை இலவசமாக விட்டிருக்கிறார்கள். கிளம்புமுன் அந்த ஆண்டுக்கான விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்சிகள் பழைய கிடங்குகளில் இருக்கும். இதுவரை பெரும்பாலும் முக்கிய அரங்கமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், 1867-இல் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் பண்டகசாலை. மலையிலிருந்து இறங்கிய மிளகும் இஞ்சியும் காபியும் தேயிலையும் கப்பலேறிய இடம். அவற்றை யார் பறித்தார்கள், யார் தலையில் சுமந்தார்கள் என்ற கேள்வி அந்தச் சுவர்களுக்குள் தானாகவே எழும். நல்ல கலைஞர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ஓவியத்தையே காணோமே! தண்ணி, விதை, சோறுன்னு வெச்சிருக்காங்க. இதெல்லாம் எப்படிங்க கலையாகும்?

2016-இல் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிட்டா ஒரு நீண்ட கிடங்கு அறையைக் கடல்நீரால் நிரப்பியிருந்தார். செருப்பைக் கழற்றி, பேண்ட்டையோ சேலையையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்க வேண்டும். இருபக்கச் சுவர்களிலும் கேள்விகள்: கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்ற தொனியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடக்க நடக்க நம் கால்கள் எழுப்பும் சலசலப்பைத் தவிர வேறு சத்தம் இல்லை. அறையின் கடைசியில் ஒரு கவிதை, காலிப் குர்தி என்ற சிறுவனைப் பற்றி.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிய சிரிய அகதிச் சிறுவன் அய்லான் குர்தியின் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். அதே படகில் அவன் அண்ணன் காலிப்பும் தாயும் மூழ்கினார்கள். காலிப்பை அப்படிக் காட்டும் படம் எதுவும் உலகத்தின் கண்ணில் படவில்லை. படம் இல்லாத அந்தப் பிள்ளைக்காகச் சுரிட்டா ஒரு கடலையே கட்டிடத்துக்குள் கொண்டுவந்தார். 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கைதாகி ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டவர் அவர். ஃபிரேம் போட்ட ஓவியமாக இதை மாட்டியிருந்தால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்திருப்போம். முழங்கால் வரை நனைந்தபடி நடக்கும்போது அப்படி நகர முடியாது. இடத்தையும் பொருளையும் நம் உடம்பையும் சேர்த்து ஆக்கும் இந்த வகைக்கு இன்ஸ்டலேஷன் என்று பெயர்.

எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. இதெல்லாம் படிச்சவங்களுக்குத்தானோ?

மேலே சொன்ன தண்ணீர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நடக்க எந்தப் படிப்பு வேண்டும்? பல படைப்புகள் அப்படித்தான். சிலவற்றுக்குப் பின்னணி தெரிய வேண்டும். அதற்காகச் சுவரில் விளக்க அட்டை இருக்கும், அரங்கில் இளைஞர்கள் நிற்பார்கள். கூச்சப்படாமல் அவர்களிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்த பிள்ளைகளும் அவர்களில் இருப்பதுண்டு.

விளக்க அட்டையே புரியாத ஆங்கிலத்தில் இருந்தால் அது உங்கள் குறை இல்லை, எழுதியவரின் குறை. நியாயம் பேசும் காட்சி, யாருக்காகப் பேசுகிறதோ அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். நாலைந்து படைப்புகளின் முன் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாலே நிறைவான நாள்தான்.

நியாயம் வேணும்னா நேரா போராடலாம், கேஸ் போடலாம். கற்பனை எதுக்குங்க?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வழக்குக்குச் சான்று வேண்டும். பத்திரம், பட்டா, புகைப்படம், மருத்துவச் சான்றிதழ் ஏதாவது கையில் இருக்க வேண்டும். அநீதி நடந்த இடங்களில் முதலில் காணாமல் போவது இவைதான். காகிதம் இல்லாதவர்களின் இழப்பை எங்கே எழுதுவது?

யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் செய்ததைப் பாருங்கள். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். ஒருவர் கிணற்றைப் பெரிதாக வரைவார். இன்னொருவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது மறந்திருக்கும், ஆனால் மாமரம் நின்ற இடம் துல்லியமாகத் தெரியும். நடுங்கும் அந்தக் கோடுகளை ஒரு கட்டடக் கலைஞரைக் கொண்டு முறையான வரைபடமாக ஆக்கினார். அதோடு தன் சித்திரத்தையும் சேர்த்து, அலுவலகக் கோப்பு போலக் கட்டி, 2011-இல் நிறைவுபெறாத ஒரு தோம்பாகவே வெளியிட்டார். அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வீடுகள் அதில் இருக்கின்றன. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும், ஷெல்லடியில் போன தமிழர்களின் வீடுகளும் ஒரே கோப்புக்குள் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கும்போது, எந்த அரசியல் மேடையும் செய்யத் துணியாத ஒன்றை அந்தக் கோப்பு செய்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். 2016 கொச்சியில் இவருடைய குறிப்பட்டை அலமாரி ஒன்றும் இருந்தது. பழைய நூலகங்களில் இருப்பது போன்ற இழுப்பறைகளைத் திறந்தால், போர்க்காலத்தில் மக்கள் எப்படியெல்லாம் சமாளித்து வாழ்ந்தார்கள் என்ற கதைகள் அட்டை அட்டையாக இருக்கும்.

ஆக, நான் இங்கே கற்பனை என்று சொல்வது இல்லாததை இட்டுக்கட்டுவதை அல்ல. ஆவணம் தீர்ந்துபோகும் இடத்தில் நினைவைப் பிடித்துக்கொண்டு மேலே நடப்பது. போராட்டமும் வழக்கும் வேண்டாம் என்று எந்த நல்ல கலைஞரும் சொல்லவில்லை. அமர் கன்வர் 2012 கொச்சியில் காட்டிய படைப்பு ஒடிசாவின் நிலப் பறிப்பைப் பற்றியது. ஒரு சுவர் முழுக்க நாட்டு நெல் விதைகளை வைத்து, குற்றத்துக்கு விதையும் சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார். அதே ஆண்டு அந்தப் படைப்பு புவனேஸ்வரிலும் நிலையாக வைக்கப்பட்டது. யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசுகிறதோ அவர்கள் வந்து பார்க்கும் தூரத்தில்.

அணைக்கட்டுல முழுகின ஊரைப் பத்தி ஒண்ணு இருந்துச்சாமே?

2022 பதிப்பில் சாஹில் நாயக் செய்தது. கோவாவில் சலவ்லி அணை கட்டியபோது குர்டி என்ற ஊர் நீருக்குள் போனது. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் வற்றும்போது ஊர் வெளியே தெரியும், பழைய குடும்பங்கள் அங்கே திரும்பி வந்து கூடுவார்கள். அந்த இடிபாடுகளையும் ஊர்ப் பாட்டுகளையும் ஓர் அறைக்குள் கொண்டுவந்திருந்தார். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அந்த நந்தியைப் படம் பிடிக்கக் கூட்டம் போகிறது. அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சாதியைப் பத்திப் பேசறாங்களா, இல்ல பொதுவா நியாயம் நியாயம்னு சொல்லிட்டு விட்டுடறாங்களா?

பேசியிருக்கிறார்கள், போதுமான அளவு இல்லை. பேசியதில் என் மனதில் நிற்பது விபின் தனுர்தரன் 2018-இல் நடத்திய பொதுச் சமையற்கட்டு. யார் வேண்டுமானாலும் வரலாம், காய் நறுக்கலாம், சமைக்கலாம், பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமலே உட்கார்ந்து சாப்பிடலாம். படைப்பே அவ்வளவுதான்.

அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஃபோர்ட் கொச்சிக்கு எதிர்க்கரையில் வைப்பின் தீவு இருக்கிறது. அதன் வடக்குப் பகுதியில் செறாயி. அங்கே 1917 மே மாதம் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன், தன் சாதியான ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். அதற்காகச் சொந்தச் சாதியே அவரை ஒதுக்கியது, புலையன் அய்யப்பன் என்று பட்டம் கட்டியது. அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். நூறு ஆண்டு கழித்து அந்தப் பந்தியைப் பக்கத்துக் கரையில் மறுபடி போட்டார்கள். சேர்ந்து சாப்பிட்டதோடு சாதி போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. 1917-இலும் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் தனித் தம்ளர் வைத்திருக்கும் டீக்கடை உள்ள ஊரிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, அந்தப் பெஞ்சில் உட்காருவது வெறும் சாப்பாடு இல்லை.

கஷ்டப்படறவங்க போட்டோவை மாட்டி வெச்சு ஏசி ரூம்ல பார்க்கறது சரிங்களா?

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்கிறதா? அவர் சம்மதித்தாரா? அந்தப் படங்களை அவர் ஊரிலும் காட்டினார்களா? எடுத்தவர் அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போகிறாரா? நான் பார்ப்பது இவற்றைத்தான்.

மதுரைக்காரரான எம். பழனிக்குமார், சாக்கடையில் இறங்கி உயிர்விட்ட தொழிலாளர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர், கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். ‘நானும் ஒரு குழந்தை’ என்ற அவருடைய காட்சி, இறந்தவரை விட்டுவிட்டு எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் பக்கம் நம் கண்ணைத் திருப்புகிறது. அதோடு நிற்காமல் துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுத் தருகிறார். நேற்று வரை படத்துக்குள் இருந்தவர் இன்று கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். இந்தப் பக்கத்தில் சொன்ன எதையும்விட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்ப அந்தச் சமூகத்துல பொறக்காதவங்க அதைப் பத்திப் படைக்கவே கூடாதா?

படைக்கலாம். சுரிட்டா சிரியாக்காரர் இல்லை. ஆனால் காலிப்பின் முகத்தை அவர் வரையவில்லை, காலிப்பின் குரலில் பேசவும் இல்லை. அந்தப் பிள்ளை இல்லாமல் போனதைத் தன் குரலில் சொன்னார். சனாதனன் கோடு போடவே மற்றவர்களிடம் பென்சிலைக் கொடுத்தார். அடுத்தவர் வலியை எடுத்துத் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்பவர்களை நீங்களே எளிதில் கண்டுகொள்வீர்கள்: விளக்க அட்டையில் கலைஞரின் விருதுகள் இருக்கும், படத்தில் உள்ளவர்களின் ஊர்ப்பெயர் இருக்காது.

சரி, காட்சி வெச்சு என்ன மாறுச்சு?

கைகளால் மலம் அள்ளும் முறையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை போராடியவர்களும் வழக்கு நடத்தியவர்களும் பெற்றவை. இதில் பங்கு கேட்கும் உரிமை எந்தக் கண்காட்சிக்கும் இல்லை.

ஆனால் சட்டம் வந்த பிறகும் ஏன் ஆளை இறக்குகிறார்கள்? இறக்குபவருக்கு அந்த ஆள் கண்ணில் படவில்லை, அதனால்தான். அப்படிப் பழகிப்போன கண்ணைத் தொந்தரவு செய்யச் சட்டப் பிரிவால் முடியாது. ஒரு படத்தால் சில நேரம் முடிகிறது. காட்சியிலிருந்து வந்த பிறகு தங்கள் குடியிருப்புக்கு இயந்திரம்தான் வர வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை உண்டு, அதற்கு மேல் உரிமை கொண்டாட மாட்டேன்.

கண்ணகி நகர் சுவத்துல எல்லாம் பெருசா படம் வரைஞ்சாங்களே, அதுவும் இந்தக் கணக்குதானா?

சென்னை நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். 2020-இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். வெளியாட்கள் வந்து பார்த்தார்கள், ஊரின் பெயர் நல்லவிதமாகச் செய்தியில் வந்தது. கெட்ட பெயரையே சுமந்த இடத்துக்கு அது சிறிய விஷயம் இல்லை.

என் கேள்வி வேறு. சுவரில் என்ன வரைவது என்பதில் அங்கே குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு பங்கு? வேலைக்காகப் பல மைல் பஸ்ஸில் போகும் பெண்களுக்கு அந்தச் சுவர் என்ன சொல்கிறது? தோம்பு பற்றிச் சொன்னேனே, அதே முறையில் அவர்கள் விட்டு வந்த கூவக்கரை வீட்டின் வரைபடத்தை அந்தச் சுவரில் வரைந்திருந்தால் அதன் முன்னால் நிற்பவர்களுக்கு வேறு யோசனை வந்திருக்கும்.

நியாயம் பேசற இடத்துல வேலை பார்த்தவங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா கொடுத்தாங்களா?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சங்கத்துக்காரர்கள்தான். 2018 பதிப்பு முடியும் தறுவாயில், அரங்கம் அமைத்த ஒப்பந்ததாரர் தரப்பும் தொழிலாளர்களும் தங்களுக்குப் பாக்கி இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அமைப்பாளர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 2022-இல் டிசம்பர் 12 தொடங்க வேண்டிய முக்கியக் காட்சி கடைசி நேரத்தில் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. மழை ஒழுகும் அரங்கு, வந்து சேராத படைப்புகள், வெளிப்படையாகப் பேசாத நிர்வாகம் என்று குறைகளை அடுக்கி, பங்கேற்ற கலைஞர்கள் பலர் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கடிதம் வெளியிட்டார்கள்.

இதனால் போகாமல் இருக்க வேண்டுமா? நான் போகிறேன். போய் இதையும் கேட்கிறேன். சகோதரன் அய்யப்பன் பந்தியைப் பாராட்டும் இடத்தில், ஆணி அடித்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்பது அந்தப் படைப்புக்குச் செய்யும் மரியாதை. பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பணத்தைப் பற்றியும் இதேதான் என் பதில்: யார் பணம் கொடுத்தார்கள் என்ற பலகையையும் படைப்பைப் போலவே நின்று படியுங்கள்.

கொச்சிக்கெல்லாம் வர முடியாது. தமிழ்நாட்டுல எங்க பார்க்கலாம்?

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2018-இல் தொடங்கிய வானம் கலைத் திருவிழாவில் ஓவியம், புகைப்படம், நாடகம், சினிமா எல்லாம் உண்டு. பின்னாளில் ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி நடத்துகிறார்கள். சென்னை புகைப்படப் பினாலே 2016-இலிருந்து நடக்கிறது. இரண்டையும் கவனித்து வாருங்கள்.

காசே செலவில்லாமல் பார்க்க வேண்டுமானால் மெரினா போங்கள். 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகையும் கெண்டைக்காலையும் சுற்றி வந்து பாருங்கள். நான்கு பேருமே ஆண்கள். சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணை அந்தப் பாறையின் எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள் என்று கூட வரும் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு இடத்தைக் காட்டும்.

பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? போட்டோ எடுக்க விடுவாங்களா?

கூட்டிப் போங்கள். சில அறைகளில் வன்முறை பற்றிய வீடியோ ஓடும், வாசலில் எழுதியிருப்பார்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் தடை இல்லை. தொடக்கூடாது என்று எழுதாத இடத்திலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எங்க ஊர்லயே நாங்க ஒண்ணு வெக்கணும்னா என்ன செய்யணும்?

அரங்கம் தேடி அலைய வேண்டாம். பள்ளி வராண்டா, சமுதாயக் கூடம், சங்க அலுவலகம் எது கிடைத்தாலும் போதும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் எது பதிவில் இல்லை? மில் மூடியபோது வேலை போனவர்களின் பெயர்ப் பட்டியலாக இருக்கலாம், சாலை அகலமானபோது போன வீடுகளாக இருக்கலாம். சம்பந்தப்பட்டவர்களை உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள், சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திருத்தாமல் அப்படியே மாட்டுங்கள். பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

திறப்பு விழாவுக்கு வரைந்தவர்களை முதலில் அழையுங்கள், தலைவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காட்சி முடிந்ததும் படங்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நகலை ஊர் நூலகத்தில் ஒரு கோப்பாக வையுங்கள். செலவென்று பார்த்தால் சார்ட் பேப்பர், பென்சில், பைண்டிங் கூலி, வந்தவர்களுக்கு டீ. அன்று கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் இருந்தால் அந்த நாள் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.